பாலையூற்றில் ஒரு கப்பிக் கடை: அசல் எது, கலப்பு எது என்று எழுதி ஒட்டி விற்கிறவர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கண்ணாடிக் கதவும் ஏசியும் நீல லைட்டும் எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு இந்தக் கடை சரிவராது. பாலையூற்றில் ஒரு வீட்டின் பக்கச் சுவரோடு தகரம் இறக்கி, கீழே சீமெந்துத் தொட்டிகள் ஒரு வரிசை, மேலே இரும்புச் சட்டத்தில் கண்ணாடித் தொட்டிகள் இரண்டு தட்டு, நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டாக நின்று திரும்பலாம், அவ்வளவுதான். பெயர்ப்பலகை கிடையாது, ஆகவே பெயர் போட வழியில்லை. அந்தப் பக்கம் இறங்கி மீன் விற்கிற வீடு எது என்று கேட்டால் கறிக்கா வளர்க்கவா என்று திருப்பிக் கேட்பார்கள், வளர்க்க என்றால் கை காட்டிவிடுவார்கள். நடத்துகிறவர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு ஐயா. கப்பி, மொலி, பிளாட்டி, கொஞ்சம் பைட்டர் எல்லாம் வைத்திருக்கிறார். ஆனால் நான் எழுத வந்தது அவருடைய எண்ட்லர் தொட்டிகளைப் பற்றி, ஏனென்றால் திருகோணமலையில் எண்ட்லர் எங்கே வாங்கலாம் என்று கேட்கிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள், அவர்களில் பாதிப்பேர் ஏற்கெனவே எண்ட்லர் என்ற பெயரில் வேறு எதையோ வாங்கி வைத்திருக்கிறார்கள்.

எண்ட்லர் தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். கப்பிக்கு மிக நெருங்கிய உறவு. ஆண் மீன் 2.5 சென்டிமீற்றர் வந்தாலே அதிகம், ஆனால் அந்தத் துளி உடம்பில் பச்சையும் செம்மஞ்சளும் கறுப்பும் விளிம்பு பிசகாமல் பளபளக்கும், ஒரு நொடி சும்மா நிற்காது. வெனிசுவேலாவின் வடகிழக்குக் கரையில் குமானா நகரப் பக்கம் லகுனா தெ பாத்தோஸ் என்ற வாவியில் 1937இல் பிராங்ளின் பொண்ட் என்பவர் இதைப் பிடித்திருக்கிறார், அதோடு எல்லோரும் மறந்துபோனார்கள். 1975இல் ஜோன் எண்ட்லர் அதே வாவியில் மறுபடி கண்டெடுத்தார், அவர் பெயரே மீனோடு ஒட்டிக்கொண்டது. விஞ்ஞானப் பெயர் கிடைத்தது 2005இல்தான், பொயசிலியா விங்கே. அதிலும்கூட இது தனி இனமா, கப்பியின் ஒரு வடிவமா என்று ஆய்வாளர்களுக்குள் இழுபறி உண்டு. ஏன் இழுபறி என்றால் இரண்டையும் ஒரே தொட்டியில் விட்டால் தயக்கமே இல்லாமல் கூடும், பிறக்கிற குஞ்சுகள் மலடும் இல்லை, அவையும் தங்கள் பங்குக்குப் பெருகிக்கொண்டே போகும். இந்தப் பொழுதுபோக்கில் இருக்கிற அத்தனை தலையிடியும் இதிலிருந்து கிளம்பியதுதான்.

உலகம் முழுக்கக் கப்பி வளர்க்கிறவர்கள் எண்ட்லரின் நிறத்தைக் கப்பிக்குள் கொண்டுவரவும், கப்பியின் வாலை எண்ட்லருக்குப் போடவும் பல காலமாகக் கலந்திருக்கிறார்கள். டைகர் எண்ட்லர், சன்டா மரியா எண்ட்லர் என்ற பெயர்களில் சந்தைக்கு வருகிறவற்றில் பெரும்பாலானவை அப்படி வந்தவைதான், பார்க்க அழகாகத்தான் இருக்கும். கலந்ததில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. கலந்ததை வாய் கூசாமல் ‘பக்கா ஒரிஜினல்’ என்று தலையில் கட்டுவதுதான் எரிச்சல். நகருக்குள் ஒரு கடையில் அகல வாலும் பெரிய முதுகுச் செட்டையுமாக ஒரு தொட்டி நிறைய மீன் நிற்கிறது, இது எண்ட்லர்தானா அண்ணை என்று கேட்டால், ‘தாய்லாந்து இறக்குமதி தம்பி, ஒரிஜினல்’ என்கிறார்கள். விமானத்தில் வந்தது என்பதற்கும் இனம் சுத்தம் என்பதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் பக்கத்தில் நிற்கிற வாடிக்கையாளர் நம்மைத்தான் ஒரு மாதிரிப் பார்க்கிறார்.

பாலையூற்று ஐயாவின் கடையில் ஒவ்வொரு தொட்டியின் மூலையிலும் வெள்ளை டேப் ஒட்டி மார்க்கர் பேனையால் ஒரு ஆங்கில எழுத்து எழுதியிருக்கும். வெளிநாட்டில் எண்ட்லர் வளர்க்கிறவர்கள் பயன்படுத்துகிற முறை அது. எந்த வாவியில் அல்லது எந்த ஓடையில் பிடித்த மீனின் வம்சம், யார் கை மாறி வந்தது என்று முறிவில்லாமல் பதிவு இருந்தால் ‘என்’ (N) வகுப்பு. தோற்றத்தில் எண்ட்லர் மாதிரியே இருக்கிறது, ஆனால் எங்கிருந்து வந்தது என்று பதிவில்லை என்றால் ‘பி’ (P). கப்பியோடு கலந்தது என்று தெரிந்தால் ‘கே’ (K). இந்த மூன்றில் நடுவில் இருக்கிற ‘பி’தான் ஒரு விற்பனையாளர் எப்படிப்பட்டவர் என்று காட்டிக்கொடுக்கும். மேல் தட்டில் இடது ஓரத்துத் தொட்டியில் கறுப்புப் பட்டை போட்ட ஆண்கள் நிற்கின்றன, படத்தில் பார்க்கிற எண்ட்லர் அச்சொட்டாக அப்படியேதான் இருக்கும், நான் பார்த்த அளவில் ஒரு குறை சொல்ல முடியாது. அதில் ‘பி’ என்று எழுதி 600 ரூபாவுக்கு ஒரு சோடி கொடுக்கிறார். பக்கத்துத் தொட்டியில் அவ்வளவு கண்ணைப் பறிக்காத மீன்கள், வெனிசுவேலாவின் கம்பொமா பக்கத்து வம்சம் என்று பதிவோடு கொழும்பில் ஒருவரிடமிருந்து எடுத்தவை, அதில் ‘என்’ என்று எழுதி 1500. ஏன் ஐயா, அழகான மீன் மலிவு, அழகு குறைந்தது விலை கூடவா என்று கேட்டேன். ‘அழகுக்கு இல்லை தம்பி, கொப்பிக்குத்தான் காசு’ என்று ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்து நீட்டினார்.

அந்தக் கொப்பியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அட்டை முழுக்கத் தண்ணீர் பட்டுப் பொம்மியிருக்கிறது, உள்ளே நீலப் பேனையில் நெருக்கமான எழுத்து. எந்தத் திகதி யாரிடமிருந்து எத்தனை சோடி, எந்தத் தொட்டியில் விட்டது, எந்தப் பெட்டை எப்போது குஞ்சு போட்டது, எத்தனை குஞ்சு, ஆண்களை எப்போது பிரித்தது. கழித்துவிட்ட மீன்களுக்குத் தனிப் பத்தி, ஏன் கழித்தார் என்ற காரணத்தோடு. ‘வாலில் நிறம், பெட்டை’ என்று ஒரு வரி, அதற்கு எதிரே ‘கே தொட்டிக்கு மாற்றினேன், தாயையும்’ என்று இன்னொரு வரி. கொழும்புக்காரருக்கு முன்னால் அந்த வம்சம் யாரிடம் இருந்தது என்பதற்கு அவர் கொடுத்த பிரதித்தாள் ஒன்று கொப்பிக்குள்ளேயே ஒட்டியிருக்கிறது. அதற்குப் பின்னால் எல்லாம் நம்பிக்கைதான், அதை ஐயாவும் மறைப்பதில்லை.

சரி, கண்ணால் பார்த்து எவ்வளவு தூரம் கண்டுபிடிக்கலாம்? ஓரளவுக்கு முடியும், ஆனால் ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் முடியும். இது கலப்பு என்று மீனைப் பார்த்துச் சொல்லலாம், இது சுத்தம் என்று மீனைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஐயா ஒரு வெள்ளை ஐஸ்கிரீம் டப்பாவில் ஒரு மீனைக் கோரி விட்டு வெயிலில் வைத்துக் காட்டினார். ஆணின் வால் முதலில். எண்ட்லர் வால் சிறியது, நடுப்பகுதி பெரும்பாலும் கண்ணாடி போல நிறமில்லாமல் தெளிவாக இருக்கும், மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் நிறக்கோடு ஓடும், சில வரிசைகளில் அது வாள் மாதிரிக் கொஞ்சம் நீளும். வால் முழுக்க நிறம் பரவி அகன்று விரிந்தால் கப்பி உள்ளே வந்துவிட்டது. முதுகுச் செட்டை நீண்டு பின்னால் தொங்கினால் அதுவும் கப்பி. உடம்பு நீளம், தடிப்பு அடுத்தது, ஆண் மீன் 3 சென்டிமீற்றரைத் தாண்டினால் சந்தேகப்படு என்றார். நிறம் கரைந்து ஒன்றோடு ஒன்று கலந்த மாதிரி இருக்கிறதா, விளிம்பு வெட்டினது போல் கூர்மையாக இருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொன்னார், ஆனால் அது பழகின கண்ணுக்குத்தான் பிடிபடும்.

பெட்டை விஷயத்தில்தான் அநேகமானவர்கள் கோட்டை விடுவது. எண்ட்லர் பெட்டையும் சாதாரணக் கப்பிப் பெட்டையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் சொல்ல ஏலாது, இரண்டும் ஒரு பொன்மங்கல் நிறம், வயிற்றோரம் ஒரு கறுப்பு நிழல். எண்ட்லர் பெட்டை கொஞ்சம் சிறியது, 4, 4.5 சென்டிமீற்றரோடு நிற்கும், ஆனால் இளம் கப்பியும் அந்த அளவில்தானே இருக்கும். பெட்டையின் வாலிலோ முதுகுச் செட்டையிலோ ஒரு புள்ளி நிறம் இருந்தால் கதை முடிந்தது, அது அலங்காரக் கப்பி வழி வந்தது. நிறமே இல்லாவிட்டால்? ஒன்றும் தெரியாது. கடைகளில் எண்ட்லர் ஆணைக் காட்டி விலை பேசிவிட்டுப் பெட்டைக்குக் கைக்கு அகப்பட்ட கப்பியைக் கோரிப் போடுவது இதனால்தான் நடக்கிறது, வாங்குகிறவர் ஆணின் நிறத்தைப் பார்த்த சந்தோஷத்தில் பெட்டையைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

அப்புறம் குஞ்சு போட்டுப் பார்த்தால் சாயம் வெளுத்துவிடுமே என்று நினைப்பீர்கள், நானும் கேட்டேன். இங்கேதான் ஐயா ஒரு மணித்தியாலம் பிடித்துவைத்துப் பாடம் எடுத்தார், எனக்கு அது பிடித்திருந்தது, அவசரமாகப் போகிறவர்களுக்குப் பிடிக்காது. இந்த மீனின் விஞ்ஞானப் பெயரில் இருக்கிற விங்கே என்பது டென்மார்க்கைச் சேர்ந்த ஓய்விந்த் விங்கே. கப்பியில் சில நிறக்கோலங்கள் ஒய் குரோமோசோம் வழியாகத் தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகின்றன என்பதை 1920களில் ஆராய்ந்து எழுதியவர். இப்போது யோசித்துப் பாருங்கள். எண்ட்லர் தகப்பன், கப்பித் தாய். நிறக்கோலத்தில் ஒரு பெரும்பங்கு தகப்பன் வழியாகவே வருவதால் மகன்கள் எண்ட்லர் மாதிரியே பிறக்க நல்ல வாய்ப்பிருக்கிறது, கொஞ்சம் பெரிதாக, வாலில் ஒரு சின்னப் பிசகோடு. அந்த மகனை மறுபடி எண்ட்லர் பெட்டையோடு விட்டு, அதில் வந்த மகனை மறுபடி அதேபோல விட்டால், மூன்று நான்கு தலைமுறையில் அந்தப் பிசகும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். மகன் தகப்பனை உரித்து வைத்திருக்கிறான் என்பதால் தாய் யார் என்று தெரிந்துவிடாது. ஆகவே குஞ்சு எல்லாம் ஒரே மாதிரி வருகிறது, எனவே சுத்தம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எதிர்ப்பக்கமாக, குஞ்சுகளில் ஒன்று பெரிய வாலோடு வந்தால் அல்லது பெட்டைக் குஞ்சின் வாலில் நிறம் எட்டிப்பார்த்தால் கலப்பு என்பது நிச்சயம். இன்னொன்று, காட்டிலிருந்து பதிவோடு வந்த வம்சத்திலும் ஆண்கள் எல்லாம் ஒரே கோலத்தில் இருக்காது, பல கோலம் வரும், அதைப் பார்த்துக் கலப்பு என்று குதிக்கவும் கூடாது.

இதைவிடப் பெரிய பொறி ஒன்று உண்டு. இந்தக் குடும்பத்துப் பெட்டைகள் ஒருமுறை கூடினால் அந்த விந்தை உடம்புக்குள் மாதக்கணக்கில் சேமித்து வைத்திருந்து, பக்கத்தில் ஆணே இல்லாமல் திரும்பத் திரும்பக் குஞ்சு போடும், ஏறத்தாழ மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை. ஒரு நாள் மட்டும் கப்பித் தொட்டியில் நின்ற அசல் எண்ட்லர் பெட்டையை நீங்கள் நல்ல விலை கொடுத்து வாங்கிவந்து அசல் ஆணோடு விட்டாலும், அது போடுகிற குஞ்சு யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. ஐயா இதற்காகச் செய்கிற வேலையைக் கிட்டே நின்று பார்த்தேன். குஞ்சுகளை ஐஸ்கிரீம் டப்பாவில் விட்டு, வாசிக்கிற பூதக்கண்ணாடியைப் பிடித்து வயிற்றுக்குக் கீழே இருக்கிற செட்டையைப் பார்க்கிறார். பெட்டைக்கு அது சின்ன முக்கோணமாகவே இருக்கும், ஆணுக்கு மெல்ல ஒடுங்கி ஊசி மாதிரி நீள ஆரம்பிக்கும். அது ஒடுங்கத் தொடங்கின அன்றே அந்தக் குஞ்சைத் தனியாக எடுத்துவிட வேண்டும், நிறம் வரும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். எண்ட்லர் ஆண்கள் பிறந்து ஒரு மாதத்திலேயே வேலையைத் தொடங்கிவிடக்கூடியவை. ‘என்’ பெட்டைகளை அவர் இப்படிப் பிரித்து வளர்த்தே கொடுக்கிறார், அதனால்தான் எப்போதும் இருப்பில் இருக்காது. 1500 ரூபாவில் பாதி இந்தப் பூதக்கண்ணாடி வேலைக்குத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு அந்த விலை நியாயமாகவே பட்டது.

இந்தக் கதையைக் கனடாவில் இருக்கிற என் மச்சானிடம் போனில் சொன்னபோது அவன் சிரித்தான். அவன் அங்கே கோர்ன் ஸ்னேக் வளர்க்கிறான், அமெரிக்காவின் தென்கிழக்குப் பக்கத்துப் பாம்பு, சாதுவானது, எலிதான் சாப்பாடு. அங்கேயும் இதே பஞ்சாயத்துத்தானாம். கோர்ன் ஸ்னேக்கை கிரேட் பிளெயின்ஸ் ரட் ஸ்னேக்கோடு கலந்து எடுத்ததற்குக் கிரீம்சிக்கிள் என்று பெயர், வெளிர் செம்மஞ்சளில் வரும், அதைத் திரும்பத் திரும்பக் கோர்ன் ஸ்னேக்கோடு சேர்த்தால் பேரப்பிள்ளைகளைக் கறுப்பு நிறமி இல்லாத சாதாரண அமெல் கோர்னிலிருந்து பிரித்தெடுப்பது பெரும்பாடு, யாரோ ஒருவர் பெயரில் அந்தக் ‘கிரீம்சிக்கிள்’ என்ற சொல்லை விட்டுவிட்டு விற்றால் அதோடு வரலாறு அறுந்தது. அந்த ரட் ஸ்னேக்கையே ஒரு காலத்தில் கோர்ன் ஸ்னேக்கின் உப இனமாகத்தான் வைத்திருந்தார்களாம், பிறகுதான் தனி இனமாகப் பிரித்தார்கள், நம்முடைய எண்ட்லர் இழுபறி மாதிரியே. கலிபோர்னியா கிங் ஸ்னேக்கோடுகூடக் கலந்து ஜங்கிள் கோர்ன் என்று விற்கிறார்கள், அந்தக் குட்டிகளும் மலடு இல்லையாம், கிங் ஸ்னேக் மற்றப் பாம்பைச் சாப்பிடுகிற சாதி என்பதை நினைத்தால் அந்தக் கலியாணத்தை எப்படி நடத்திவைத்தார்கள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. தோலில் திட்டுகளின் வடிவம், தலையில் இருக்கிற ஈட்டிமுனை அடையாளம், வயிற்றுக் கட்டம் என்று என்னென்னவோ பார்ப்பார்களாம், கடைசியில் அவனும் சொன்னது இதைத்தான்: இனவிருத்தி செய்தவரின் பதிவைக் கேள், பதிவு இல்லை என்றால் தெரியாது என்று எழுதிக்கொள்.

கடைக்குத் திரும்புவோம். ‘கே’ தொட்டிகள்தான் உண்மையில் கடையின் கவர்ச்சி. கீழே இருக்கிற சீமெந்துத் தொட்டியில் டைகர் எண்ட்லர், உடம்பில் வரிக்கோடு போட்டது, மேலே வேறு தொட்டியில் கழுத்துப் பக்கம் சிவந்த ஒரு வகை, எல்லாம் சோடி 250 ரூபா. வீட்டில் வைத்துப் பார்த்து ரசிக்க, பிள்ளைகளுக்கு வாங்கிக்கொடுக்க இதுவே போதும், சொல்லப்போனால் கலப்பு என்பதாலோ என்னவோ நல்ல திடகாத்திரமாகவும் இருக்கிறது. என் வீட்டு முன்வாசல் தொட்டியில் நிற்பது இவைதான். ஒரு பொடியன் வந்து ‘என்’ தொட்டியைக் காட்டிக் கேட்டபோது, வீட்டில் கப்பி இருக்கா என்று ஐயா கேட்டார். இருக்கு என்றதும், அப்படியென்றால் இதை எடுத்து வீணாக்காதே, 250 ரூபா மீனை எடு, இரண்டு சோடி எடுத்தாலும் உனக்கு மிச்சம் என்று அனுப்பிவிட்டார். வியாபாரத்தில் இப்படி வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிற ஆளை நான் நகரில் வேறு எங்கும் காணவில்லை. பொடியனின் தகப்பனுக்கு அது பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. காசு கொடுக்கிறவன் நான், எதை வாங்க வேண்டும் என்று இவர் யார் சொல்ல என்று நினைக்கிறவர்கள் இந்தக் கடைக்குப் போகாமல் இருப்பது இருவருக்கும் நல்லது.

குறைகளும் இருக்கின்றன, சின்னதில்லை. முதலாவது வலை. இவ்வளவு கொப்பி எழுதுகிற மனிதர் எல்லாத் தொட்டிக்கும் ஒரே கைவலையைப் போட்டுக்கொண்டிருந்தார். ஈரவலை மடிப்பில் ஒட்டிக்கொண்டு ஒரு ‘கே’ குஞ்சு ‘என்’ தொட்டிக்குள் போய்விட்டால் அந்தக் கொப்பி முழுக்க வெறும் காகிதம்தானே என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, அது சரிதான் தம்பி என்றார். பிறகு போனபோது சிவப்பு நூல் கட்டிய தனி வலை ஒன்று வந்திருந்தது. பழைய வலையும் அதே ஆணியில்தான் தொங்குகிறது, இருட்டின பிறகு அவசரத்தில் எந்த வலை கைக்கு வருகிறதோ தெரியாது. இரண்டாவது, மூடி. எண்ட்லர் பாயக்கூடிய மீன், மேல் தட்டில் தொட்டிக்குத் தொட்டி இடைவெளி குறைவு, ‘என்’ தொட்டிகளுக்கு மட்டும் நுளம்பு வலை போட்டு மூடியிருக்கிறார், பக்கத்துத் தொட்டிகளைத் திறந்தே விட்டிருக்கிறார். மீன் மேலிருந்து உள்ளே விழாது என்பது சரிதான், ஆனால் நிலத்தில் விழுந்து காய்ந்த மீனை நான் கண்டேன், அது நல்ல காட்சி இல்லை.

பொதி செய்வது மகா மோசம். மெல்லிய பொலித்தீன் பை ஒன்று, முக்கால்வாசி தண்ணீர், மேலே கொஞ்சம் காற்று, றப்பர் பாண்ட். தண்ணீர் கால்வாசியும் காற்று முக்கால்வாசியும் இருக்க வேண்டும், பை இரட்டையாக இருக்க வேண்டும், இதைத் தெரியாதவர் இல்லை, பை மிச்சம் பிடிக்கிறார். பாலையூற்றிலிருந்து உப்புவெளிக்கு ஓட்டோவில் போவதென்றால் தாங்கும். மூதூருக்கோ கிண்ணியாவுக்கோ பஸ்ஸில், அதுவும் வெயில் நேரத்தில் கொண்டுபோகிறவர்கள் கையோடு ஒரு மூடி போட்ட வாளி அல்லது சின்ன ரெஜிபோம் பெட்டி கொண்டுபோய்விடுங்கள், அதில் போட்டுக் கேட்டால் மறுக்காமல் போட்டுத் தருவார். வெளியூருக்குப் பார்சல் அனுப்பமாட்டார், எவ்வளவு கெஞ்சினாலும் சரி.

சீமெந்துத் தொட்டிகளில் மொலியும் பிளாட்டியும் நெருக்கமாக நிற்கின்றன, அடியில் அழுக்கு, அந்தப் பக்கம் நான் வாங்கமாட்டேன். பைட்டர் மீன்கள் ஜாம் போத்தலில், அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை, எல்லாக் கடையிலும் பார்க்கிற கொடுமைதான்.

தண்ணீர் விஷயம் நமக்கு அதிர்ஷ்டம். லகுனா தெ பாத்தோஸ் வெதுவெதுப்பான, கடினமான தண்ணீர், பாசியில் பச்சையாக இருக்கும் என்று விவரித்திருக்கிறார்கள். ஆகவே நம்முடைய கடினமான கிணற்றுத் தண்ணீரும் ஆனி ஆடி வெயிலும் இந்த மீனுக்குத் தொல்லை இல்லை, ஹீட்டர் ஒன்றும் தேவையில்லை. ஐயா கிணற்றுத் தண்ணீர்தான் பாவிக்கிறார். நீங்கள் குழாய்த் தண்ணீர், அதாவது கந்தளாயிலிருந்து வருகிற தண்ணீர் பாவிப்பதென்றால் ஒரு நாள் பேசினில் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள், அல்லது அன்டி குளோரின் சொட்டுப் போடுங்கள், குளோரின் இந்தச் சின்ன மீனுக்கு ஆகாது. கடையின் தண்ணீரிலிருந்து உங்கள் தண்ணீருக்குப் பையோடு மிதக்கவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து விடுவது எல்லோருக்கும் தெரிந்தது, தெரிந்தும் ஒருவரும் செய்வதில்லை.

மிஞ்சின கலப்புக் குஞ்சுகளை வாய்க்காலில் கொண்டுபோய் விடுகிறவர்களுக்கும் ஒரு சொல். 2017இல் கிண்ணியாவில் டெங்கு உக்கிரமாக இருந்த காலம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும், நுளம்புக் குடம்பி தின்னும் என்று கிணற்றிலும் தொட்டியிலும் கப்பி விடுகிற பழக்கம் நம் பக்கத்தில் இருக்கிறது. மூடின கிணற்றுக்குள் விடுவது வேறு, குளத்தில் கொட்டுவது வேறு. குமானாவில் அந்த வாவிக்குப் பக்கத்தில் நகரக் குப்பைமேடே வந்துவிட்டது, எண்ட்லரின் சொந்த இடமே இப்போது நெருக்கடியில், பதிவோடு தொட்டிகளில் நிற்கிற வம்சங்களுக்கு மதிப்பு வருவது அதனால்தான். ஐயா கழிக்கிற குஞ்சுகளை வாய்க்காலுக்கு விடுவதில்லை, பெரிய மீன் வளர்க்கிறவர்களுக்குக் கொடுத்துவிடுகிறார். கேட்கக் கடுமையாக இருக்கலாம், எனக்கு அது சரியென்றே படுகிறது.

போகிறவர்களுக்கு: மாலை நான்கு மணிக்குப் பிறகுதான் திறப்பார், வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விடுவார், அன்று போனால் நாய்தான் வரவேற்கும். விலை பேசவேண்டாம், குறைக்கமாட்டார், கேட்டால் முகம் சுருங்கிவிடும். ‘கே’யும் ‘பி’யும் எப்போதும் இருக்கும். ‘என்’ வேண்டும் என்றால் பெயர் கொடுத்துவைக்க வேண்டும், சீ.ஆர். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொள்வார், முற்பணம் வாங்கமாட்டார், வீட்டில் வேறு என்ன மீன் இருக்கிறது என்று கட்டாயம் கேட்பார். பெட்டைகள் தயாரானதும் போன் வரும். இரண்டு நாளுக்குள் போகாவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார், அதற்குப் பிறகு போய் நின்று சண்டை பிடித்துப் பிரயோசனமில்லை.